‘கல்ச்சர் எப்படி?’ என்று கேட்காதீர்கள்

வாசகியின் கேள்வி:

“ஈரோட்டைச் சேர்ந்தவள் நான், வயது 24. சமீபத்தில்தான் சி.ஏ. ஃபைனல் முடித்தேன். கையில் இரண்டு ஆஃபர் இருக்கிறது. ஒன்று மும்பையில் ஒரு முதலீட்டு வங்கியின் ஐபிஓ டீம், அதாவது கம்பெனிகள் முதல் முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட உதவுகிற டீம். இன்னொன்று சென்னையில் ஒரு வெளிநாட்டு வங்கியின் ஜிசிசி (தன் உள்வேலைகளுக்காக அந்த வங்கி இங்கே வைத்திருக்கும் மையம்), அதில் கணக்குகளைச் சரிபார்த்து முடிக்கிற ஃபைனான்ஷியல் கன்ட்ரோல் பிரிவு. சம்பளம் மும்பையில்தான் அதிகம். அப்பாவுக்குப் போன வருடம் பைபாஸ் நடந்தது, நான் ஒரே பெண். 2024-ல் புனேயில் ஒரு இளம் சி.ஏ. பெண் இறந்ததும், வேலைப் பளுதான் காரணம் என்று அவருடைய அம்மா சொன்னதுமான செய்தி அம்மாவின் மனதை விட்டுப் போகவே இல்லை. லிங்க்ட்இன் மூலமாகவும் சீனியர்கள் மூலமாகவும் இரண்டு இடத்திலும் வேலை செய்கிற சிலரிடம் பேசிப் பார்த்தேன். எல்லோரும் ‘கல்ச்சர் நல்லா இருக்கும், வேலை கொஞ்சம் அதிகம், ஆனா நிறைய கத்துக்கலாம்’ என்கிறார்கள். அதற்கு மேல் கேட்டால் சோம்பேறி என்று நினைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. உள்ளே நிலைமை எப்படி என்று தெரிந்துகொள்ள என்ன கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும்?”

பதில்:

உங்களிடம் பேசியவர்கள் பொய் சொல்லவில்லை. நீங்கள் அவர்களுடைய அபிப்பிராயத்தைக் கேட்டீர்கள். வேலையில் இருக்கும் ஒருவர், முன்பின் தெரியாதவரிடம் தன் நிறுவனத்தைப் பற்றி வேறு என்ன சொல்வார்? வாட்ஸ்அப்பில் எழுதினால் அது ஸ்கிரீன்ஷாட்டாகி எங்கே போகும் என்று தெரியாது. ஃபோனில் சொன்னால், நாளைக்கே நீங்கள் அதே டீமில் சேர்ந்து ‘அவர்தான் அப்படிச் சொன்னார்’ என்று யாரிடமாவது பேச்சுவாக்கில் சொல்லிவிடலாம். ஃபைனான்ஸ் துறை மும்பையிலும் சென்னையிலும் நாம் நினைப்பதைவிடச் சின்னது. இரண்டு கம்பெனி மாறினால் பழைய ஆட்களில் பாதிப் பேரை மறுபடியும் பார்க்கலாம். அதனால் எல்லோரும் ஜாக்கிரதையாகத்தான் பேசுவார்கள்.

அபிப்பிராயத்தை விட்டுவிட்டு நடந்ததைக் கேளுங்கள். ‘ஒர்க் லைஃப் பேலன்ஸ் எப்படி?’ என்பதற்கு எல்லோரிடமும் தயாராக ஒரு பதில் இருக்கிறது. ‘போன வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு லேப்டாப்பை மூடினீங்க?’ என்பதற்கு யாரிடமும் இல்லை. ஒரு நொடி யோசித்து, நடந்ததைச் சொல்லிவிடுவார்கள். அதில் புகார் எதுவும் இல்லாததால் சொல்கிறவருக்கும் பயமில்லை. நான் ஆடிட்டில் தொடங்கி, மும்பையில் டீல் வேலை பார்த்து, இப்போது சென்னையில் ஒரு ஃபைனான்ஸ் டீமை நடத்துகிறேன். என்னிடம் வந்து பேசும் பிள்ளைகளிலும் இந்த மாதிரிக் கேட்கிறவர்களுக்குத்தான் என்னால் உருப்படியான பதில் சொல்ல முடிகிறது.

ஆனால் யாருக்கும் ஃபோன் செய்வதற்கு முன்னால் உங்களுக்கு எது வேண்டும் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். பேலன்ஸ் என்பது ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்குத் தினமும் மாலை ஏழு மணிக்கு ஜிம் போக வேண்டும். இன்னொருவருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடைத்தால் போதும். உங்கள் கடிதத்தைப் படித்ததில், அப்பாவைப் பார்க்க அடிக்கடி ஈரோடு போய்வர முடியுமா, அவசரம் என்றால் உடனே கிளம்ப முடியுமா என்பதுதான் உங்கள் கவலை என்று தோன்றுகிறது. அப்படியானால் வாரத்துக்கு எத்தனை மணி நேர வேலை என்ற எண்ணைவிட வேறொரு விஷயம் முக்கியம். சென்னையில் வேலை என்றால், மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமையாவது ராத்திரி சென்ட்ரலில் ஏற்காடு எக்ஸ்பிரஸைப் பிடிக்க முடியுமா? மும்பை என்றால், விமானத்தில் கோவை வந்து அங்கிருந்து ஈரோடு போக வேண்டும். முன்கூட்டியே எடுத்த டிக்கெட்டைக் கடைசி நேரத்தில் ரத்து செய்ய வைக்காத டீமா அது? நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். வாரம் 60 மணி நேரம் வேலை இருந்தாலும், எந்த 60 மணி என்று முன்பே தெரிந்தால் வாழ்க்கையை நடத்திவிடலாம். 50 மணி நேர வேலைதான், ஆனால் எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது என்றால் ஒரு கல்யாணத்துக்குக்கூட நிம்மதியாகப் போக முடியாது.

சரி, இப்போது மும்பை ஆஃபர். ஐபிஓ வேலைக்கென்று ஒரு காலண்டர் உண்டு. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியிடம் டிஆர்ஹெச்பி (பங்கு வெளியீட்டுக்கான வரைவு ஆவணம்) தாக்கல் செய்யும்போது அதில் இருக்கும் தணிக்கை செய்த கணக்கு ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. அதனால் மார்ச் கணக்கை வைத்துத் தாக்கல் செய்கிறவர்கள் செப்டம்பர் 30-க்குள் முடிக்க ஓடுவார்கள். ஜூன் கணக்கென்றால் டிசம்பர் 31, செப்டம்பர் கணக்கென்றால் மார்ச் 31. இந்த மூன்று தேதிகளுக்கும் முந்தைய சில வாரங்களில் அந்த டீமில் யாருக்கும் தூக்கம் இருக்காது. எந்த வங்கியானாலும் இதுதான் நிலைமை, இதை வைத்து யாரையும் குறை சொல்ல முடியாது. எனவே ‘செப்டம்பர் கடைசியில் வேலை அதிகமா?’ என்று கேட்டுப் பயனில்லை. ‘போன செப்டம்பர் ஃபைலிங் முடிஞ்ச மறுவாரம் என்ன பண்ணீங்க?’ என்று கேளுங்கள். ‘நாலு நாள் லீவு கொடுத்தாங்க, ஊருக்குப் போனேன்’ என்றால் அது ஒரு டீம். ‘மறுநாளே அடுத்த பிட்ச்சில் (புது வாடிக்கையாளரைப் பிடிக்கும் வேலை) போட்டுட்டாங்க’ என்றால் வேறொரு டீம்.

இந்த வேலையில் இன்னொரு சிரமம், பாதி நேரம் அடுத்தவருக்காகக் காத்திருப்பது. ஆவணத்தில் இருக்கும் எண்களைச் சரிபார்த்ததாக ஆடிட்டர் தரும் கம்ஃபர்ட் லெட்டர் வர வேண்டும், கம்பெனி நிர்வாகம் ஒரு எண்ணை உறுதி செய்ய வேண்டும், வக்கீல்கள் திருத்திய பிரதி ராத்திரி பதினொரு மணிக்கு வரும், காலைக்குள் படித்து அனுப்ப வேண்டும். அப்படிக் காத்திருக்கும்போது சீனியர் என்ன செய்கிறார் என்பதில்தான் டீமுக்கு டீம் வித்தியாசம். ‘நீ வீட்டுக்குப் போ, வந்ததும் கூப்பிடறேன்’ என்கிறவர் உண்டு. எல்லோரும் அலுவலகத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்கிறவரும் உண்டு. ‘ராத்திரி டிராஃப்ட்டுக்காகக் காத்திருக்கும்போது ஆபீஸ்லயே இருப்பீங்களா, வீட்டிலிருந்து பார்ப்பீங்களா?’ என்று கேளுங்கள். அப்படியே ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றிப் பேச்சை எடுங்கள். பல இடங்களில் இரவு குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் வேலை பார்த்தால் சாப்பாட்டுச் செலவை அலுவலகம் தரும். ‘வாரத்துல எத்தனை நாள் ஆபீஸ்ல டின்னர் ஆர்டர் பண்ணுவீங்க, எங்கிருந்து?’ என்றால் எந்த அனலிஸ்ட்டும் (தொடக்க நிலை ஊழியர்) சந்தோஷமாக ஹோட்டல் பெயரெல்லாம் சொல்வார். அந்தப் பதிலிலேயே அவருடைய வாரம் முழுவதும் தெரிந்துவிடும்.

ஜிசிசி என்றால் ஒன்பது டு ஆறு என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அங்கே உங்கள் நேரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒரே ஒரு விஷயம்தான்: நீங்கள் ரிப்போர்ட் செய்யும் மேலாளர் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார்? லண்டனில் காலை பத்து மணி மீட்டிங் என்றால் நமக்குக் குளிர்காலத்தில் மாலை மூன்றரை, கோடையில் இரண்டரை. நியூயார்க்கில் காலை பத்து மணி என்றால் நமக்குக் குளிர்காலத்தில் இரவு எட்டரை, கோடையில் ஏழரை. ஒரே கட்டடத்தில், ஒரே பதவியில், ஒரே சம்பளத்தில் இருக்கும் இரண்டு பேரின் வாழ்க்கை இதனாலேயே வேறு வேறாக இருக்கும். ஆஃபர் லெட்டரில் இது இருக்காது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கன்ட்ரோல் வேலையில் ஒவ்வொரு மாதமும் முதல் நாலைந்து வேலை நாட்கள் குளோசிங்கில், அதாவது போன மாதக் கணக்கை முடிப்பதில், போகும். அது தெரிந்த விஷயம், திட்டமிட்டுக்கொள்ளலாம். வருடக் கடைசிதான் கஷ்டம். மேற்கத்திய வங்கிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கணக்கு வருடம் டிசம்பர் 31-ல் முடிகிறது. பெரிய அமெரிக்க வங்கிகள் பல ஜனவரி நடுவிலேயே முடிவுகளை வெளியிட்டுவிடும். அது சரியாகப் பொங்கல் வாரம். ஆகவே அந்த டீமில் இருக்கும் தமிழ் ஆள் யாராக இருந்தாலும் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: ‘போன பொங்கலுக்கு ஊருக்குப் போனீங்களா?’ போனேன், போகவில்லை என்பதோடு அவர் நிறுத்த மாட்டார். யார் போனார்கள், யார் இருந்தார்கள், முறை வைத்துப் போனார்களா, எப்போதும் ஜூனியர்தான் இருக்க வேண்டுமா என்று எல்லாம் சொல்வார். அப்புறம், ஊழியர்களை வீட்டில் கொண்டுவிடும் அலுவலக கேப். ராத்திரி எத்தனை மணி கேபில் கூட்டம் அதிகம் என்று கேளுங்கள். டீம் நிஜத்தில் எப்போது கிளம்புகிறது என்பது அந்த கேப் பட்டியலில் இருக்கிறது.

இதுவரை சொன்னது நேரத்தைப் பற்றி. என்னைக் கேட்டால் ஃபைனான்ஸில் கல்ச்சரைக் கண்டுபிடிக்க இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. ‘உங்க டீமில் கடைசியா ஒரு நம்பர் தப்பாப் போனப்போ என்ன ஆச்சு?’ நம்முடைய வேலையில் தப்பு வராமல் இருக்காது. எக்செல்லில் ஒரு வரிசை விட்டுப்போகும், பழைய லிங்க் ஒன்று புதுப்பிக்கப்படாமல் நிற்கும், லட்சம் என்று இருக்க வேண்டியது கோடி என்று விழுந்துவிடும். தப்பு செய்தவர் உடனே போய் மேலாளரிடம் சொல்ல முடிகிற இடமா, மறைத்து வைத்துவிட்டு ராத்திரி தனியாக உட்கார்ந்து சரிசெய்யப் பார்க்கிற இடமா? எல்லோர் முன்னாலும் திட்டுவார்கள் என்று பயப்படும் டீமில் ஒவ்வொரு எண்ணையும் நாலு தடவை பார்ப்பார்கள், அனுப்பலாமா என்று தயங்குவார்கள், ஒரு மணி நேர வேலை மூன்று மணி நேரம் இழுக்கும். பயம் நேரத்தையும் தின்னும், தூக்கத்தையும் தின்னும். நீண்ட நேர வேலையால் உடைந்துபோனவர்கள் என்று நாம் நினைக்கும் பலரைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்களை உடைத்தது நேரம் மட்டும் அல்ல. தன்னால் முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல ஓர் ஆள் இல்லாமல் போனதும்தான். உங்கள் அம்மாவின் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் இந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள் என்கிறேன்.

பெரிய பெயரும் நல்ல விதிமுறையும் இருப்பதாலேயே ஓர் இடத்தை நம்பிவிட வேண்டாம். கோல்ட்மேன் சாக்ஸ் 2013-ல் ஒரு விதி கொண்டுவந்தது: வெள்ளி இரவு 9 மணியிலிருந்து ஞாயிறு காலை 9 மணி வரை ஜூனியர்கள் அலுவலகத்தில் இருக்கக் கூடாது. 2021-ல் அதே நிறுவனத்தின் முதல் வருட அனலிஸ்ட்டுகள் 13 பேர் தங்களுக்குள் எடுத்த கணக்கு வெளியே வந்தது. வாரத்துக்குச் சராசரியாக 95 மணி நேர வேலை, இரவில் 5 மணி நேரத் தூக்கம் என்று அதில் இருந்தது. 2024-ல் ஜேபி மோர்கன் ஜூனியர் பேங்கர்களுக்கு வாரம் 80 மணி நேரம் என்று வரம்பு வைத்தது, அதிலும் நடந்துகொண்டிருக்கும் டீல்களுக்கு விலக்கு உண்டு. விதி தலைமை அலுவலகத்திலிருந்து வரும். அதை மதிப்பதும் மீறுவதும் உங்கள் டீம் தலைவர் கையில். எனவே ‘இந்த வங்கி எப்படி?’ என்று கேட்பதைவிட ‘இந்த டீம் தலைவர் எத்தனை வருஷமா இங்கே இருக்கார், அவர்கூட மூணு வருஷத்துக்கு மேல வேலை பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?’ என்று கேட்பது மேல். ஆட்கள் தங்கியிருக்கிறார்கள் என்றால் ஏதோ சரியாக இருக்கிறது.

யாரிடம் பேசுவது? எம்.டி., பார்ட்னர் யாரிடமும் இதைக் கேட்க வேண்டாம். அவர்களுக்கு அனலிஸ்ட்டின் வாரம் மறந்துபோயிருக்கும். உங்களைவிட இரண்டு மூன்று வருடம் மூத்தவர்தான் சரியான ஆள். அதைவிட நல்லது, அந்த டீமை விட்டுப் போனவர். லிங்க்ட்இன்னில் நிறுவனப் பெயரைப் போட்டு, இப்போது வேறிடத்தில் இருப்பவர்களைத் தேடினால் கிடைப்பார்கள். கோபத்தில் பேசுகிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் சொன்னால் அது அவருடைய அனுபவம். ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் ஒரே மேலாளரைப் பற்றி ஒரே மாதிரி சொன்னால் நம்பலாம். உங்கள் ஆர்ட்டிகிள்ஷிப் (சி.ஏ. பயிற்சிக் காலம்) பேட்ச் வாட்ஸ்அப் குழுவை மறந்துவிடாதீர்கள். முன்பின் தெரியாத பத்துப் பேரைவிட, கூட உட்கார்ந்து வவுச்சர் பார்த்த ஒரு அக்கா நேர்மையாகப் பேசுவார்.

பிரசவ விடுப்பு முடிந்து திரும்பி வந்த பெண் யாராவது அந்த டீமில் இருந்தால் எப்படியாவது அவரிடம் பேசுங்கள். 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சட்டப்படி 26 வாரம் வரை விடுப்பு உண்டு. இந்த மாதிரிப் பெரிய இடங்களில் அது கிடைத்துவிடும். அதே வேலைக்கு, அதே மேலாளரிடம் திரும்ப வந்தாரா, இல்லை ஓரமாக வேறெங்கேயோ மாற்றினார்களா என்பதுதான் செய்தி. உங்களுக்கு இப்போது அது தேவையில்லாத மாதிரித் தோன்றலாம். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று நீங்கள் பத்து நாள் விடுப்பு கேட்டால் அந்த டீம் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கும் பதில் அங்கேதான் இருக்கிறது.

சோம்பேறி என்று நினைப்பார்களோ என்ற பயத்துக்கு வருகிறேன். உங்கள் கையில் ஏற்கெனவே ஆஃபர் இருக்கிறது. இன்டர்வியூவுக்கு முன்னால் கேட்டால் சிலர் அப்படி நினைக்கக்கூடும். இப்போது கேட்டால் பொறுப்பாக முடிவெடுக்கிற பெண் என்றுதான் நினைப்பார்கள். கேட்கும் வரிசையை மட்டும் கவனியுங்கள். முதலில் வேலையைப் பற்றிப் பேசுங்கள், என்ன டீல் பார்க்கிறார்கள், முதல் வருடம் என்ன வேலை தருவார்கள் என்று. அவர் சகஜமானதும் நேரத்துக்கு வாருங்கள். தொடங்கும் மெசேஜ் இப்படி இருக்கலாம்: ‘வணக்கம் மேடம். உங்க டீமில் எனக்கு ஆஃபர் வந்திருக்கு. சேர்றதுக்கு முன்னாடி வேலை தினப்படி எப்படி இருக்கும்னு ஒரு 15 நிமிஷம் உங்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கணும். இந்த மாசக் குளோசிங் முடிஞ்சதும் உங்களுக்கு வசதியான நேரத்துல கூப்பிடலாமா?’ குளோசிங் முடிந்ததும் என்ற அந்த ஒரு வார்த்தையில் உங்களுக்கு வேலை தெரியும் என்பது அவருக்குப் புரிந்துவிடும். ஆடிட்டில் இருப்பவரை ஏப்ரல், மே மாதத்தில் கூப்பிடாதீர்கள். பங்குச் சந்தை வேலையில் இருப்பவரை மூன்றரை மணிக்கு முன் கூப்பிடாதீர்கள். எழுதிக் கேட்காமல் பேசிக் கேளுங்கள். எழுத்தில் யாரும் மனம் திறக்க மாட்டார்கள்.

மும்பையில் எல்லோரும் எம்.டி.யைக்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதைப் பார்த்து அங்கே எல்லோரும் சமம் என்று முடிவு செய்ய வேண்டாம். சென்னையில் சார், மேடம் என்று கூப்பிடும் டீமில் ஜூனியர் ஒருவர் ‘இது தப்பு சார்’ என்று சொல்ல முடிந்தால் அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரியும்.

பேசும்போது பதில் எங்கே சுருங்குகிறது என்று கவனியுங்கள். வேலையைப் பற்றி விவரமாகச் சொன்னவர், மேலாளர் பெயர் வந்ததும் ‘அவர் ரொம்ப டிமாண்டிங், ஆனா நல்லவர்’ என்று ஒரே வரியில் முடித்தால் அங்கே ஏதோ இருக்கிறது. வற்புறுத்திக் கேட்க வேண்டாம், அடுத்தவரிடம் அதே இடத்தைத் தொட்டுப் பாருங்கள். ஒருவர் உங்கள் அழைப்பை ஒரு தடவை தள்ளிப் போட்டால் அதில் ஒன்றும் இல்லை. ஒரே டீமில் நீங்கள் கேட்ட அத்தனை பேருமே மூன்று வாரமாகப் பதினைந்து நிமிடம் ஒதுக்க முடியாமல் இருந்தால், நீங்கள் கேட்க நினைத்ததற்குப் பதில் வந்துவிட்டது.

மும்பை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல சீனியர் கிடைத்தால் ஐபிஓ டீமில் இரண்டு வருடத்தில் கற்பதை வேறெங்கும் கற்க முடியாது. அந்த ஆரம்ப வருடங்கள் எனக்கும் நிறையக் கொடுத்தன. ஆனால் அப்பாவின் உடல்நிலையை மனதில் வைத்துச் சொல்வதென்றால், லண்டனுக்கு ரிப்போர்ட் செய்யும் டீமாகவும் பொங்கல் கேள்விக்கு நல்ல பதில் வருகிற டீமாகவும் இருந்தால் சென்னையைத்தான் முதலில் பார்ப்பேன். நியூயார்க் டீம் என்றால் இரண்டையும் மறுபடி ஒப்பிட்டுப் பாருங்கள். மும்பையில் எந்த டீம் தலைவர் என்பது தெரியாமல் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்த வாரமே இரண்டு நிறுவனங்களின் எச்.ஆருக்கும் எழுதி, பதில் சொல்ல இன்னும் ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். நீங்கள் சேரப்போகும் டீமில் ஒருவரோடு பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். ஆஃபர் கொடுத்த பிறகு இப்படிக் கேட்பது வழக்கம்தான், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அதே மின்னஞ்சலில் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பற்றியும் கேட்டுவிடுங்கள். குரூப் பாலிசியில் பெற்றோரைச் சேர்க்கலாமா, பிரீமியம் யார் கட்ட வேண்டும், பைபாஸ் ஆனவருக்கு முதல் நாளிலிருந்தே கவரேஜ் உண்டா, கோ-பே (செலவில் நாம் கட்ட வேண்டிய பங்கு) எவ்வளவு? வேலைக்குச் சேர்ந்ததும் குறிப்பிட்ட நாட்களுக்குள் அப்பா பெயரைப் பதிவு செய்யாவிட்டால் அடுத்த புதுப்பித்தல் வரை காத்திருக்க வேண்டி வரலாம். அந்தக் கடைசித் தேதியையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.